நான் எழுந்து வெளியே போன கூட்டம்

பிள்ளையார் சுழி போட்டு ஒரு வரி எழுதுவதும், அதை அடித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவதும் எனக்குப் பல வருடப் பழக்கமாகிவிட்டது. எழுதினால் குடும்ப விஷயத்தைச் சந்திக்கு இழுத்ததாக ஆகுமோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் ஊர் சொல்கிற கதையே நிலைத்துவிடுமோ என்று இன்னொரு பயம். நான் எட்டாவது வரை படித்தவள். ஒரு வாக்கியம் தொடங்கினால் எங்கே முடிப்பது என்றே தெரியாது. இந்த வருடம் பால்குடத்தன்று ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு நோட்டை மூடி வைக்க மனம் வரவில்லை. மாரியாத்தா மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

இது என் தம்பியைப் பற்றியது. அவனை என்னிடமிருந்து கொண்டுபோன ஒரு போர்டு கூட்டத்தைப் பற்றியது.

எங்கள் ஊர் அன்னவாசலுக்கும் கீரனூருக்கும் நடுவில் இருக்கிறது. மழையை நம்பின ஊர். வெள்ளாமை ஏமாற்றினாலும் மாடு ஏமாற்றாது என்று வீட்டுக்கு ஒன்றிரண்டு கறவை வைத்திருப்போம். பால் ஊற்றுகிறவர்களே பங்கு போட்டு நடத்துகிற ஒரு பெரிய கம்பெனி எங்கள் பக்கம் வந்தபோது, ஊரில் பாதிப் பெண்கள் அதில் உறுப்பினர் ஆனோம். பெரிய கம்பெனி என்றால் நிஜமாகவே பெரியது. பல மாவட்டங்களில் பால் எடுக்கிறார்கள். டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. திருச்சியில் கண்ணாடி வைத்த தலைமை ஆபீஸ் இருக்கிறது. அந்த ஆபீஸ் அதிகாரிகள் கம்பெனியை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க, கேள்வி கேட்க, தப்பு நடந்தால் நிறுத்த ஒரு போர்டு உண்டு. பால் ஊற்றுகிறவர்களில் சிலரும், பாங்கி, கணக்கு, மாட்டு வைத்தியம் தெரிந்த படித்தவர்கள் சிலரும் அதில் டைரக்டர்களாக உட்காருவார்கள்.

எங்கள் பகுதிக்கு ஒரு டைரக்டர் வேண்டும் என்று வந்தபோது என்னை நிற்கச் சொன்னதே என் தம்பிதான்.

"நீ நில்லுக்கா. கம்பெனிக்காரன்கிட்ட வாயாட ஒன்ன விட்டா ஆளு இல்ல. மச்சானயே இந்த ஆட்டு ஆட்டுறே, அவனுகளுக்கு என்ன?"

என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னார்: "அனுப்பிவிடு மாப்ள. மாசத்துல ஒரு நாளாச்சும் நான் காது ஆற இருப்பேன்."

அப்படித்தான் போனேன்.

என் தம்பி எனக்கு ரொம்ப இளையவன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கம்பெனி எங்கள் பக்கம் வந்த நாளிலிருந்தே அவன் ஒரு வண்டி வைத்து, ஊர் ஊராகப் பால் கேன்களை எடுத்துக் குளிரூட்டும் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கும் ஒப்பந்தம் செய்திருந்தான். அதை 'ரூட்' என்பார்கள். நான் டைரக்டர் ஆவதற்கு முன்பே அந்த ரூட் அவனுடையது. காலையில் அவன் ஹாரன் கேட்டுத்தான் எங்கள் ஊரில் அடுப்புப் பற்றும்.

போர்டு கூட்டத்தன்று என்னைக் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவது அவன்தான். பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொள்வேன். மறுகையில் பையும் சால்வையும். அந்த ஆபீஸில் ஏசி போட்டு மார்கழி மாதிரி வைத்திருப்பார்கள். கீரனூரில் இறங்கியதும் ஒரு டீ, ஆளுக்கொரு உளுந்த வடை. அவன் வடையைப் பிய்த்து ஓரத்து மொறுமொறுப்பை என் பக்கம் வைப்பான். சின்னதில் நான் அவனுக்குச் செய்தது அது.

சாயங்காலம் திரும்பி வரும்போது அதே இடத்தில் பைக்கோடு நிற்பான்.

"என்னக்கா, இன்னைக்கி எந்த அதிகாரிய அழுக விட்டே?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடா."

"பெரிய ராணுவ ரகசியம். மாட்டுத் தீவனம் பேசியிருப்பீங்க."

"தீவனமும் பேசினோம்."

"சுத்துற நாற்காலில ஒரு சுத்தாவது சுத்துனியா இல்லியா?"

"போடா."

இதுதான் பேச்சு. இதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதற்குத்தான் இப்போது மனம் ஏங்குகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இன்றைக்கும் என் கண் முதலில் அந்த டீக்கடை ஓரம்தான் போகும்.

போர்டில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றது புரியாது. வருடத் தொடக்கத்தில் முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனக்கும் தன் சொந்தக்காரர்களுக்கும் கம்பெனியோடு என்ன தொடர்பு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பிறகு எப்போதாவது அந்தச் சொந்தக்காரர் விஷயம் பேச்சுக்கு வந்தால், அந்த டைரக்டர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். பேசி முடிவானபின் கூப்பிடுவார்கள். உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. நான் முதல் கூட்டத்திலேயே என் தம்பியின் ரூட்டைச் சொல்லிவிட்டேன்.

எங்கள் தலைவி மணமேல்குடி பக்கத்துக்காரர். நாலைந்து எருமை வைத்திருந்தார். உரக்கச் சிரிக்கிற மனுஷி. ஒருமுறை அவருடைய மருமகனின் தீவனக் கடைக்கு ஏஜென்சி கொடுப்பதா என்று பேச்சு வந்தது. தலைவியே எழுந்து போனார். அந்த நேரத்துக்கு, பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தலைமை பார்த்தார். முடிந்து கூப்பிட்டபோது தலைவி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வெளிய விருந்தாளிக்குன்னு ஒரு தட்டுல முந்திரிப் பருப்பு வச்சிருக்காக. இம்புட்டு நாளா எனக்குத் தெரியாமப் போச்சே! இன்னொரு மருமகன் விஷயமும் எடுங்கய்யா, இன்னுங் கொஞ்சம் பாக்கி இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். அந்த மருமகனுக்கு ஏஜென்சி கிடைக்கவில்லை. தலைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வழக்கத்தின் மேல் எனக்கு அன்றைக்கே ஒரு மரியாதை வந்தது. கோயிலில் தீட்டு உள்ளவர்கள் தானாகவே வாசலில் நின்றுகொள்வதில்லையா, அதுபோல என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் ஊரில் எழுந்து போவதற்கு வேறு அர்த்தம். ஒருவனுடைய வழக்கு கோயில் முன்னால் கூட்டத்தில் பேசப்படும்போது அவனுடைய உடன்பிறந்தவர்கள் அவன் பின்னால் நிற்க வேண்டும். அவன் செய்தது தப்பாகவே இருக்கட்டும், நின்றுகொண்டே திட்டலாம். ஆனால் நிற்க வேண்டும். பேச்சு நடுவில் எழுந்து போனால், 'இவனுக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை' என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். எங்கள் அப்பாவுக்குக் கிணற்றுப் பாகத்தில் ஒரு தகராறு வந்தது. அப்போது எங்கள் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன்பிறகு அவர் சாகிறவரைக்கும் அந்த வீட்டுத் தண்ணீர் எங்கள் வீட்டில் புழங்கவில்லை. அவர் எழுந்து போனபோது என் தம்பி என் மடியில் உட்கார்ந்திருந்தான். "சித்தப்பா ஏங்க்கா போறாக?" என்று கேட்டான். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

இரண்டு வழக்கமும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒருநாள் ஒரே அறையில் வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. அதோடு எங்கள் பக்கத்து மாடுகளுக்குக் கோமாரி வந்தது. வாயிலும் காலிலும் புண் வந்து, மாடுகள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தன. எங்கள் வீட்டுச் சிவலைப் பசு என் கையை நக்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். பால் வற்றிவிட்டது. கம்பெனியில் ஒரு விதி இருந்தது. ஒரு ரூட்டில் பால் குறைந்துகொண்டே போனால் அந்த ரூட்டை மூடிவிட்டு அடுத்த ரூட்டோடு சேர்த்துவிடுவார்கள். அப்படி ஆனால் உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களுக்கு வண்டி வராது. அந்த ஊர்ப் பெண்கள் பாலை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

ரூட்டைக் காப்பாற்ற என் தம்பி ஒரு காரியம் செய்தான். உறுப்பினர் இல்லாத வெளியாட்களிடம், வியாபாரிகளிடம் பால் வாங்கி, எங்கள் ஊர்களின் பாலாகக் கேனில் ஊற்றி அனுப்பினான். எங்கள் கம்பெனி உறுப்பினர் பாலை மட்டும்தான் எடுக்க வேண்டும். யார் மாட்டுப் பால், என்ன சீக்கு உள்ள மாடு என்று தெரியாத பால் டேங்கரில் கலந்துவிட்டால், எங்கோ ஒரு குழந்தை குடிக்கும் பாக்கெட்டில் அது போய்ச் சேரும். அதனால்தான் அந்த விதி. சுற்றுவட்டாரம் முழுக்கப் பால் குறைந்தபோது ஒரு ரூட்டில் மட்டும் குறையவில்லை என்பதைத் தணிக்கை பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். விஷயம் போர்டுக்கு வந்தது. நேரில் வந்து விளக்கம் சொல்லச் சொல்லி என் தம்பிக்கும் தகவல் போனது.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திருச்சிக்குப் போனோம். அவன் பைக்கைக் கீரனூரில் நிறுத்திவிட்டு, எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். வடை சாப்பிடவில்லை. ஆனால் முகத்தில் கவலை இல்லை.

"என்னடா இப்படிப் பண்ணிட்டே?" என்றேன்.

"என்னக்கா பண்ணச் சொல்றே? வண்டி நின்னுபோனா அங்கிட்டு உள்ள பொம்பளைக எல்லாம் எம் மூஞ்சியத்தான பாப்பாக? மாடு தேறுற வரைக்கும் தாட்டிவிடலாம்னு பாத்தேன். ஒரு சொட்டு தண்ணி கலந்தேனா? கேளு."

"கலக்கலடா. ஆனா யாரு பாலுன்னே தெரியாததக் கலந்துருக்கேல்ல?"

அவன் மடியில் இருந்த என் பையின் வாரைத் திருகினான். பிறகு சிரித்தான். "சரி, தப்புதான். திட்டட்டும். நீதான் உள்ள இருக்கேல்ல, எனக்கென்ன?"

"நான் உள்ள இருக்க மாட்டேன்டா, தம்பி. ஒன் விஷயம் வந்தா நான் எந்திரிச்சு வெளிய போயிரணும். அதுதான் அங்க முறை."

"ஆமா, நீ எந்திரிச்சுப் போவே!" என்று என் தோளை இடித்தான். "என்னைய இடுப்புல வச்சுக்கிட்டே களை வெட்டுனவ நீ. எந்திரிச்சுப் போறாளாம்."

"வெளையாடலடா."

"சரி சரி, போ. மொதல்ல எனக்காக நாலு வார்த்தை பேசிட்டுப் போ."

"ஒரு வார்த்தையும் பேசக் கூடாது."

அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டான் என்றுதான் நான் நினைத்தேன். மனசு ஒரு விஷயத்தை நம்பாவிட்டால் காது எவ்வளவு கேட்டும் பிரயோசனம் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் தொடங்கி வேறு விஷயங்கள் முடிந்தபின் அவனை உள்ளே கூப்பிட்டார்கள். கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். என் தம்பி வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். தலைவி அடுத்த விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்.

நான் எழுந்தேன்.

அந்தச் சுழல் நாற்காலி நான் எழுந்த வேகத்தில் அரைச் சுற்றுச் சுற்றிக் கதவுப் பக்கம் திரும்பி நின்றது. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். குளிருக்குப் போட்டுக்கொண்டதுதான். ஆனால் அவன் கண்ணில் அது வேறு மாதிரி பட்டிருக்க வேண்டும். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போன ஒருவரை அவன் என் மடியில் இருந்து பார்த்தவன் அல்லவா?

"எங்கக்கா போறே?" என்றான். சத்தமாகவே கேட்டுவிட்டான். படித்தவர்கள் எல்லாரும் இருக்கிற அந்த அறையில், சின்னப்பிள்ளை கேட்பது மாதிரி.

"வெளிய இருக்கேன்டா, தம்பி. நீ உள்ளதச் சொல்லு."

"அக்கா..."

நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் அழுதிருப்பேன். நான் அழுதால் அவர்கள் என் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். அந்தக் கதவு தானாகவே மூடிக்கொள்ளும், சத்தமே வராது.

வெளியே சோபாவில் உட்கார்ந்தேன். எதிரில் முந்திரிப் பருப்புத் தட்டு இருந்தது. டீ கொண்டுவந்தவர், "எடுத்துக்கங்கம்மா" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். 'அவனைத் தப்பிக்க விடு' என்று வேண்ட வாய் வரவில்லை. 'அவனுக்கும் நல்லது, பால் குடிக்கிற பிள்ளைகளுக்கும் நல்லது, எது நல்லதோ அதைச் செய், முருகா' என்றுதான் வேண்டினேன். வேண்டிவிட்டு, 'ஆனால் கொஞ்சம் அவன் பக்கம் பார்த்துக்கொள்' என்றும் சேர்த்துச் சொன்னேன். சாமி முன்னால் எழுந்து வெளியே போக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லையே.

கதவு திறந்து அவன் வந்தான். நான் எழுந்து நின்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. லிப்ட் திறந்தே இருந்தது. அதில் ஏறாமல் படியில் இறங்கினான். செருப்புச் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. அதன் பின்னால் ஓட வேண்டும் என்று கால் துடித்தது. அதற்குள், "அம்மா, உள்ள வாங்க, அடுத்தது தீவன விதை" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். தீவன விதையைப் பற்றிப் பேசினார்கள். நானும் ஏதோ சொன்னேன். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது தலைவி என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, சாப்புட்டுப் போ" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கீரனூரில் இறங்கினேன். டீக்கடை ஓரத்தில் பைக் இல்லை. டவுன் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன்.

முடிவு என்ன என்று ஊரோடு ஊராகத்தான் எனக்கும் தெரிந்தது. அவனுடைய ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் ரூட்டை மூடவில்லை. கம்பெனி வண்டியே வந்தது. இன்னொன்றும் செய்தார்கள். வறட்சியிலோ மாட்டுக்குச் சீக்கு வந்தபோதோ பால் குறைந்தால் எந்த ரூட்டையும் மூடக் கூடாது என்று விதியை மாற்றினார்கள். என் தம்பி அன்றைக்கு உள்ளதைச் சொல்லியிருக்கிறான் என்று அதிலிருந்து எனக்குத் தோன்றியது. அவன் சொல்லாமல் அவர்களுக்கு அந்தப் பெண்களின் கஷ்டம் எப்படித் தெரியும்? ஆனால் எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. நான் உள்ளே இல்லை.

உள்ளே தள்ளியிருக்கிற ஊர்ப் பெண்களுக்கு நல்லது நடந்தது. என் வீட்டுக்கு வருகிற ஒரு பைக் நின்றுபோனது.

என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீ செஞ்சதும் சரிதான். அவன் கோபமும் சரிதான். ரெண்டு சரிக்கு நடுவுல நான் யாருகிட்டப் போயி பேச?" ஆனாலும் போனார். போனவரிடம் தம்பி, "மச்சான், ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. என்னையத் திட்டியிருக்கலாம், கன்னத்துல அறைஞ்சிருக்கலாம். எந்திரிச்சுப் போனாளே!" என்றானாம். அறைந்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே வந்து சோறு கேட்டிருப்பான், அதுவும் எனக்குத் தெரியும்.

என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. காது குத்தினபோது அவள் உட்கார்ந்திருந்தது அவன் மடியில்தான். ஓவென்று அவள் அழுதபோது அவனும் சேர்ந்து அழுதான், ஆசாரி சிரித்துவிட்டார். அவள் வயசுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்டினவன் அவன். கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். வாசலில் அவன் செருப்புக் கிடந்தது. அவன் பெண்டாட்டி வந்து தட்டை வாங்கினாள்.

"அவுக வெளிய போயிருக்காக மதினி" என்றாள். சொல்லும்போது அவள் கண் அந்தச் செருப்பின் மேல் விழுந்தது. என் கண்ணும் விழுந்தது.

கல்யாணத்துக்கு அவளும் பிள்ளைகளும் வந்தார்கள். தாய்மாமன் சீர் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. பட்டுப் புடவையை அவனே போய்த் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னாள். அவன் மட்டும் வரவில்லை. சித்தப்பா மகன் ஒருவன் மாலை போட்டான். மணமேடையில் என் மகள் தலையைக் குனிந்துகொண்டே, "மாமா வாசல்ல நிக்கிறாகளான்னு ஒரு தடவ பாத்துட்டு வாயேம்மா" என்றாள். போய்ப் பார்த்தேன். பந்தல்காரர்தான் நின்றிருந்தார்.

டைரக்டர் பதவிக்காலம் முடிந்து முறைப்படி விலகினேன். இன்னொரு ஊர்ப் பெண் அந்த நாற்காலிக்கு வந்தாள். 'இனிமேல் நீதான் கம்பெனியில் இல்லையே, தம்பி வந்துவிடுவான்' என்றார்கள். வரவில்லை. அதற்குள் ஊரில் கதை வளர்ந்துவிட்டது. தம்பிக்கு எதிராக நான் கையைத் தூக்கினேன் என்று ஒருத்தி சொன்னாள். நானே காட்டிக்கொடுத்தேன் என்று இன்னொருத்தி. அதற்காகக் கம்பெனி எனக்கு ஒரு ஜெர்சி மாடு கொடுத்தது என்று ஒருத்தி, அதன் நிறம்கூடச் சொன்னாளாம். என் கொட்டகையில் அப்படி ஒரு மாடு இருந்ததே இல்லை. ஒவ்வொரு வாயிலும் ஒன்று சேர்ந்து, கடைசியில் அது அவன் காதுக்கும் போயிருக்கும். அதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது.

இந்த வருடப் பால்குடத்துக்கு வருகிறேன்.

சின்ன வயதிலிருந்து பங்குனியில் எங்கள் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. தம்பி இளவட்டம் ஆனதிலிருந்து குடத்தைத் தூக்கி என் தலையில் வைப்பவன் அவன்தான். "கனமா இருக்கா? கொஞ்சம் குடிச்சிரவா?" என்று ஒவ்வொரு வருடமும் அதையே கேட்பான், நான் பேச முடியாமல் முறைப்பேன். எங்கள் ஊரில் குடம் தலையில் ஏறிவிட்டால் கோயில் வாசல் வரை வாய் திறக்கக் கூடாது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு யார் யாரோ தூக்கி வைக்கிறார்கள்.

பால்குடம் போகிற வழியில் தார் ரோடு கொதிக்கும். வெறுங்காலோடு வருகிறவர்களின் பாதத்தில் வீட்டுக்காரர்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். குடம் சுமக்கிறவளை அம்மனாகவே பார்ப்பது வழக்கம். "ஆத்தா, தாயே" என்று சொல்லிக் குனிந்துதான் ஊற்றுவார்கள். என் தம்பி இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறான். இந்த வருடம் அவன் லாரியைப் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் நிறுத்தி, குழாய் போட்டு ரோட்டை நனைத்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியாது. வேப்பிலைக்குக் கீழே கண்ணைத் தாழ்த்தித்தான் நடந்து வந்தேன். ரோடு திடீரென்று குளிர்ந்தது. நிமிர்ந்தேன். அவன்.

தலையில் கொஞ்சம் நரை வந்திருந்தது. குழாயைக் கீழே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெண்ணாகக் கடக்கும்போது, "ஆத்தா, தாயே... தாயே..." என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் முறை வந்தது. என் இடது காலில் அரிவாள் பட்ட தழும்பு ஒன்று உண்டு. அவனுக்குக் கரும்பு வெட்டும்போது பட்டது. அவன் கண் என் பாதத்தில்தான் இருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. குழாய் அடுத்தவளுக்கு நகரவில்லை. பின்னால் வந்தவள் என் மேல் இடித்துவிட்டு நின்றாள்.

அவன் "தாயே" சொல்லவில்லை.

"கல்லு கெடக்கு, பாத்துப் போ" என்றான்.

அவ்வளவுதான். அதில் 'அக்கா' இல்லை. ஆனால் என்னைத் தவிர வேறு யாரிடமும் அவன் அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே கல்லும் கிடந்தது. நான் பதில் சொல்ல முடியாது. தலையில் குடம். அன்றைக்கு அந்த அறையில் எப்படி ஒரு வார்த்தை பேச முடியாமல் அவனைக் கடந்து போனேனோ, அப்படியே கடந்து போனேன். கண்ணீர் மட்டும் வந்தது. வெயிலுக்கு என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

ஆத்தா தலையில் பாலை ஊற்றும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை, "பாத்தியா?" என்று மட்டும் சொன்னேன். குடத்தை இறக்கிவிட்டு, ஈரக் காலோடு அந்தத் திருப்பத்துக்கு ஓடிவந்தேன். லாரி போய்விட்டது. ரோடு காயத் தொடங்கியிருந்தது. அந்தக் கல்லை யாரோ எடுத்து ஓரத்தில் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

தம்பி, நீ புத்தகம் படிக்கிறவன் இல்லை. யாராவது படித்துவிட்டு வந்து உன்னிடம் சொல்வார்கள், எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. அப்படி ஒரு கூட்டம் மறுபடி வந்தால் நான் மறுபடியும் எழுந்துதான் போவேன்டா. உன்னை விட்டுப் போனதாக ஆகாது அது. கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். உனக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். நீ கதவைத் திறந்துகொண்டு வரும்போது ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்தால் போதும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். எங்கள் பக்கம் யாரிடமாவது இதைச் சொன்னால், என்னை நல்லவளாக்க ஒன்று கூட்ட வேண்டாம், அவன் மேல் கோபப்பட்டு ஒன்று குறைக்கவும் வேண்டாம். அவன் தப்பை அவன் ஒத்துக்கொண்டதையும் விட்டுவிடாதீர்கள். சால்வையைச் சொல்லுங்கள், குளிருக்குப் போட்டுக்கொண்டது என்று. தட்டில் இருந்த முந்திரியை நான் தொடவில்லை என்பதையும் சொல்லுங்கள். இங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே அவன் காதில் போய்ச் சேரட்டும். உங்கள் பிள்ளைகுட்டிகளை ஆத்தா நன்றாக வைத்திருப்பாள்.